வாசல் தாண்டிய செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை விடிந்தால் அந்த வீட்டில் காப்பிக்கு முன்னால் ஏச்சு கொதித்துவிடும்.

"ஏட்டி சங்கரேஸ்வரி! காலங்காத்தால அவ முன்னால போயி நிக்காதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? பிள்ளத்தாச்சி கண்ணு முழிக்கையில உன் மொகத்துலயா முழிக்கணும்?"

வெந்நீர்ச் செம்பை அறை வாசலிலேயே வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள் சங்கரேஸ்வரி. மூத்த மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து பதின்மூன்று வருஷம். அதில் பதினோரு வருஷமாக அவள் வாய் சோறு தின்ன மட்டும்தான் திறக்கிறது என்று தெருவே சொல்லும். சொல்லுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

ஏசியது மாமியார் தங்கத்தாய். குத்துக்கல்வலசையில் மூன்று கோட்டை விதைப்பாடு வயலில் நடவு போட்ட குடும்பம். வயல் எல்லாம் மனைக்கல் ஊன்றி வீடாகிவிட்டது. மூத்தவன் பாண்டிராஜ் டெம்போ வைத்துக்கொண்டு விடியுமுன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவான். இளையவன் பேச்சிராஜ் பட்டாளத்தில், எங்கோ பனி பெய்கிற எல்லையில். அவன் பெண்டாட்டி வேல்விழிக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. அந்த வயிற்றுக்காகத்தான் இத்தனை கட்டும் காவலும்.

"நான் குத்தாலம் போயிட்டு மத்தியானம் வாரேன். இன்னைக்குச் செவ்வா. அவ வாசப்படி தாண்டக்கூடாது. தாண்டுனான்னு காதுல விழுந்துது… அப்புறம் இந்தத் தங்கத்தாய் யாருன்னு பாப்ப!"

"சரி அத்தே."

கிழவிக்குப் பாசமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூட்டு வலியோடு வாராவாரம் முதல் பஸ் பிடித்துக் குற்றாலம் போய், அருவியில் தலை நனைத்து, ஈரச் சேலையோடு அம்மன் முன்னால் நின்று அந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு வருகிறாள். நேர்ச்சை. 'ஆடிச் செவ்வாய் தேடிக் குளி' என்பார்கள். இவள் ஆடிக்கு முன்னாலேயே தேடிக் குளிக்கத் தொடங்கிவிட்டாள். அவளுடைய அக்காள் ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சியாக ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி கட்டிப் போய், வண்டி குடை சாய்ந்து வழியிலேயே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு சட்டம்: செவ்வாயன்று கர்ப்பிணி நடை தாண்டக் கூடாது.

சர்க்காருக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள் செவ்வாய்க்கிழமை.

பஸ் புறப்பட்ட சத்தம் கேட்டதும் வேல்விழி தலையை நீட்டினாள். கையில் மடித்த பைக்குள் தாய்சேய் அட்டை.

"அக்கா, கெளம்பலாமா?"

இப்படி ரகசியமாகக் கிளம்புவது இது முதல் செவ்வாய் இல்லை. மூன்றாம் மாதத்தில் கிராம நர்ஸ் அகிலாண்டேஸ்வரி வீடு வீடாகக் கணக்கெடுத்து வந்தபோது, தங்கத்தாய் வாசலை மறித்து, "எங்க வீட்டுல யாரும் உண்டாகல, போங்க!" என்று சொல்லிவிட்டாள். அஞ்சு மாதம் ஆகாமல் வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமாம். குப்பை கொட்டுகிற சாக்கில் தெரு முனை வரைக்கும் ஓடி நர்சைப் பிடித்தவள் சங்கரேஸ்வரி. அவள்தான் பதிவு போட வைத்தாள். சத்து மாத்திரையைத் தின்றால் பிள்ளை பெருத்து வயிற்றைக் கிழிக்கும் என்று மாமியார் அதைச் சாக்கடையில் கொட்டியபோது, வேறு வாங்கி வந்து, தினமும் சோற்றுக்குப் பின் தன் கையாலேயே கொடுத்தாள். ஸ்கேன், ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் மாமியார் அருவியில் நிற்கிற நேரத்துக்குள் நடந்தன. பொய் சொல்லித் தெரியாத மனுஷி, ஒரு வயிற்றுக்காக வாரம் தவறாமல் திருட்டுத்தனம் செய்தாள். அதை என்னவென்று சொல்ல!

"செருப்பு நொழைய மாட்டேங்கு அக்கா," என்று சிரித்தாள் வேல்விழி.

சங்கரேஸ்வரி குனிந்து பார்த்தாள். பாதம் இரண்டும் ஊதிக் கிடந்தன. விரலால் அமுக்கினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"தல வலிக்குதாட்டி?"

"நேத்துலேர்ந்து. பொறவு சரியாயிரும்னு…"

சங்கரேஸ்வரி உடனே ஆட்டோவை அழைத்தாள்.

சுகாதார நிலையத்தில் முப்பது பேர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் அகிலாண்டேஸ்வரி வேல்விழியின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. பத்து நிமிஷம் இடது பக்கமாகப் படுக்க வைத்து மறுபடியும் பார்த்தாள். உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

"நூத்தி அறுவதுக்கு நூத்திப்பத்து. யூரின்ல புரதமும் போகுது," என்றார் டாக்டரம்மா. "இப்பவே தென்காசி பெரியாஸ்பத்திரியில சேர்க்கணும். நூத்தியெட்டுக்குப் போன் போட்டாச்சு, அரை மணியில வந்துரும். வீட்டுல சொல்லிடுங்க."

சங்கரேஸ்வரி புருஷனுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழி விழுந்த பாதம் அவளுக்குப் புதிதல்ல.

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் காலும் அப்படித்தான் வீங்கியது. எட்டாம் மாதம். அப்போதிருந்த நர்ஸ் வாசலில் நின்று, "கையோட கூட்டிட்டுப் போறேன், அனுப்புங்க" என்று கெஞ்சினாள். அன்று செவ்வாய்க்கிழமை. "நாளை கழிச்சு அனுப்புதேன்," என்றாள் தங்கத்தாய். மறுநாள் மத்தியானம் உலையில் அரிசி போடும்போது சங்கரேஸ்வரிக்குக் கண் மங்கிப் பல் கட்டியது. வெட்டி வெட்டி இழுத்தது. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவள் விழித்தபோது பிள்ளையும் இல்லை, இன்னொரு பிள்ளை தங்குவதற்குக் கர்ப்பப்பையும் இல்லை. பெண் பிள்ளை என்றார்கள். முகத்தைக்கூட அவளுக்குக் காட்டாமல் அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

"இது பிறவி வலிப்பு இல்ல தம்பி. கர்ப்பத்துல வந்த பிரஷர். ஒரு நாள் முன்னால கொண்டு வந்திருந்தா நிப்பாட்டியிருக்கலாம்," என்று டாக்டர் பாண்டிராஜிடம் தனியாகச் சொன்னார். அவன் அழுதுகொண்டே வந்து, "எம்மாட்ட இத கேக்காம விடமாட்டேன்" என்று துள்ளினான். சங்கரேஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வராந்தாவில் தங்கத்தாய் தலைவிரி கோலமாகச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். நான்கு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்றார்கள்.

"நம்ம பிள்ள போனது போதும்," என்று புருஷன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அத்த உசுரோட இருக்கமாட்டாவ. ஒருக்காலும் சொல்லமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

அவன் பண்ணினான். அதற்கு அவளுக்குக் கிடைத்த கூலி, 'வலிப்புக்காரி' என்கிற பட்டம். நோயை மறைத்துத் தலையில் கட்டிவிட்டான் என்று அவளுடைய அப்பாவை அந்த வீட்டு வாசலில் ஏற்றவில்லை. அந்த மனுஷர் மகளை வந்து பார்க்காமலேயே கண்ணை மூடினார். அப்போதும் இவள் வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு பெண் பிறப்பாளா என்று கேட்டால், பிறந்திருக்கிறாளே, நாம் என்ன செய்ய!

"ஏ சண்டாளி!"

சுகாதார நிலையமே திரும்பிப் பார்த்தது. வாசலில் தங்கத்தாய் நின்றாள். தலை நனையவில்லை. மாற்றுச் சேலை வைத்த மஞ்சள் பை அப்படியே கையில் இருந்தது.

"மலையில மழை, அருவியில வெள்ளம்னு போலீஸ்காரன் கயத்தக் கட்டி மறிச்சுட்டான். தண்ணி எனக்கு வழி விடலையே, தாயே, என்ன குத்தம் பண்ணேன்னு அழுதுகிட்டுத் திரும்பி வந்தா… வீடு பூட்டிக் கெடக்கு! பக்கத்து வீட்டு பார்வதியம்மா சொல்லுதா, ரெண்டு பேரும் வாராவாரம் ஆட்டோவுல ஆசுபத்திரிக்குப் போவாவளாம்! வாராவாரமாட்டி? செவ்வாக்கெழமையாப் பாத்து?"

"அத்தே, மெதுவா… அவளுக்கு முடியல…"

"முடியாம ஆக்குனதே நீதானட்டி! உனக்குத்தான் கொடுப்பின இல்ல. அவளுக்குமா இருக்கக்கூடாது? என் குடும்பத்துல ஒரு பிள்ள தவழ்ந்துரக்கூடாதுன்னு வயித்தெரிச்சல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கியே… நீ வெளங்குவியா!"

சங்கரேஸ்வரியின் கண்ணீர் முந்தானைக்குள் இறங்கியது. அகிலாண்டேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"ஆச்சி, வாய்க்கு வந்ததப் பேசாதீய! எல்லாக் கர்ப்பிணிக்கும் செவ்வாக்கெழமதான் பாக்குதோம். இந்தா இருக்காவளே இத்தன பேரு, இவிய என்ன கெட்டா போயிட்டாவ? உங்க மருமவளுக்குப் பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. வண்டி வருது. வழி விடுங்க."

"அவிய வீட்டு வழக்கம் அவியளுக்கு. இன்னைக்கு ஆசுபத்திரிக் கட்டில்ல என் மருமவ முதுகு படக்கூடாது. நாளைக்கு விடியவும் நானே கூட்டிட்டு வாரேன். ஏ வேல்விழி, எந்தி!"

நாளைக்கு! அன்றைக்கும் இவள் இப்படித்தான் நாள் தள்ளினாள்.

வேல்விழி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவினாள். "அக்கா… எங்கன இருக்க? கண்ணு மங்கலா இருக்குக்கா…"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். பதினோரு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொன்னால் இந்தக் கிழவி அடுத்த நிமிஷம் விலகிவிடுவாள். சங்கரேஸ்வரிக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் எதிரே நின்றது அன்று சுவரில் முட்டிக்கொண்டிருந்த அதே முகம். அவள் வேறொன்று செய்தாள். அத்தனை பேர் பார்க்க மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, நீங்க சொன்னதெல்லாம் சரின்னே வச்சுக்கிடுங்க. நான் ராசி இல்லாதவதான். வயித்தெரிச்சக்காரிதான். அவள மட்டும் வண்டியில ஏத்தி விட்டுருங்க. நான் இப்பமே இங்கனயிருந்தே ஆய்க்குடிக்கு, எங்க அம்ம வீட்டுக்குப் போயிருதேன். இனி உங்க வாசல்ல மிதிக்கமாட்டேன். உங்க மவன் முன்னாலயும் வரமாட்டேன்…"

"சத்தியமா?"

"சத்தியமா அத்தே!"

தங்கத்தாய் ஒரு கணம் அசந்துதான் போனாள். தாலி கட்டிய புருஷனையும் வீட்டையும் ஒரு ஓரகத்திக்காக விட்டுக்கொடுப்பவளை அவள் கண்டதில்லை. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ எங்கயும் போமாட்டா, எம்மா."

பாண்டிராஜ். சந்தையிலிருந்து டெம்போவை விரட்டிக்கொண்டு வந்தவன். சட்டையெல்லாம் தக்காளிக் கறை.

"ஏல, நீ இதுல வராத…"

"பதினோரு வருசம் வராமத்தான் கெடந்தேன்!"

"ஏங்க, வேண்டாம்!" சங்கரேஸ்வரி தரையிலிருந்து துள்ளி எழுந்தாள். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கிய!"

"அந்தப் பாவம் என்னயச் சேரட்டும்ட்டி!" அவன் அம்மாவின் முன்னால் வந்து நின்றான். குரல் உடைந்தது. "எம்மா… அன்னைக்கும் செவ்வாக்கெழமதான். இதே மாதிரிதான் இவ காலு வீங்குச்சு. இதே மாதிரிதான் நர்சு வந்து கூப்பிட்டா. நீ நாளை கழிச்சுன்ன. மறுநாளு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? அது பிரஷர்ல வந்த வலிப்பு. ஒரு நாள் முன்னால கொண்டாந்திருந்தா என் மவ பொழச்சிருப்பான்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனது யாரு தெரியுமா? இந்தா, உன் கால்ல கெடந்தாளே, இவ!"

"என்னல சொல்லுத…"

"வலிப்புக்காரி, வலிப்புக்காரின்னு ஊருபூரா சொன்னியே. அதுக்கப்புறம் ஒரு நாளாவது இவளுக்கு வலிப்பு வந்து நீ பாத்திருக்கியாம்மா? பதினோரு வருசத்துல ஒரே ஒரு நாளு?"

பதினோரு வருஷத்தைத் தங்கத்தாய் உள்ளுக்குள் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கோயில் கொடையில், அறுப்புக் களத்தில், காய்ச்சலில், அப்பன் செத்த துக்கத்தில்… ஒரு நாள்கூட இல்லை. பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறாள்.

மெல்லச் சங்கரேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "நெசமாட்டி?"

சங்கரேஸ்வரி தலையை வேகமாக ஆட்டினாள். "இல்ல அத்தே… அவிய கோவத்துல ஏதோ… அப்பிடில்லாம் ஒண்ணும் இல்ல…"

அந்தப் பொய்தான் கிழவியைச் சாய்த்தது. மகன் சொன்னதை நம்பாமல் இருந்திருப்பாள். இந்த நேரத்திலும் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிற மருமகளை எப்படி நம்பாமல் இருப்பது? மஞ்சள் பை கையிலிருந்து நழுவியது. "ஐயோ… ஏன் ராசாத்தி…" என்று ஒரு சத்தம் வந்தது. அது இறந்த பேத்திக்கா, எதிரே நிற்கிறவளுக்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நெஞ்சில் இரண்டு அடி அடித்துக்கொண்டாள். மூன்றாவதுக்கு ஓங்கிய கையைச் சங்கரேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"ஏ நர்சம்மா! என்ன பாத்துகிட்டு நிக்கிய? ஏத்துங்க!" தங்கத்தாயின் குரல் திரும்பி வந்துவிட்டது. வேல்விழியின் ஒரு தோளைத் தானே தாங்கினாள். "செவ்வாயாவது, வெள்ளியாவது! எட்டி எடுத்து வையி தாயி. ஏல பாண்டி, நீ பின்னாலயே வா. ஏட்டி சங்கரேஸ்வரி, நீ கூட ஏறு. நீ இல்லாம அவ பயப்படுவா."

தென்காசி பெரியாஸ்பத்திரியில் போனதும் போகாததுமாக ஊசி போட்டார்கள். வலிப்பு வரவில்லை. "நேரத்துக்கு வந்தீங்க," என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது சங்கரேஸ்வரி கும்பிட்ட கை வெகுநேரம் இறங்கவில்லை. பன்னிரண்டு நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் சங்கரேஸ்வரி கட்டிலோரம் தரையில் படுத்தாள். பேச்சிராஜ் எல்லையிலிருந்து போனில், "மயினி, மயினி" என்பதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். தங்கத்தாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நேரம் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தாள். ஆனால் மூத்த மருமகள் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாயும் பிள்ளையும் நலம். குழந்தையைச் சில நாள் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாமியாரும் மருமகளும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே அந்தச் சிறு உயிர் கொட்டாவி விட்டது.

"எம்புட்டுச் சிறுசு…" என்றாள் சங்கரேஸ்வரி.

தங்கத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு யோக்கியத இல்லட்டி. கேட்டா நீ மன்னிச்சிருவ, அதான் எனக்குப் பயமா இருக்கு. உங்கிட்ட வேற ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உனக்குக் காட்டாமலே கொண்டு போயிட்டோம்லா… நீ பாத்தா தாங்கமாட்டன்னு சொன்னாவ. நான்தான் குளிப்பாட்டுனேன்."

சங்கரேஸ்வரி அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நல்ல நீளமா இருந்தா. தல நெறைய முடி… சுருட்ட முடி. எம் மவனுக்குக் கோர முடிலா, அப்பம் அது உன் முடிதான். இந்தா, இந்தக் காதுக்குக் கீழ மச்சம். உங்கப்பாவுக்கு இருந்த அதே எடத்துல. அத பாத்த பொறவும் அந்த மனுசன வாசல்ல ஏத்தாம விரட்டுன பாவிட்டி நான்…" கிழவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு விம்மினாள். "பேரு இல்லாம மண்ணுக்குள்ள போகக்கூடாதுன்னு நானே காதுல ஒரு பேரச் சொன்னேன். குத்தாலத்து அம்மன் பேரு. குழல்வாய்மொழின்னு. அங்கன குளிக்கப் போறப்பல்லாம் அவளுக்கும் ஒரு முங்கு முங்கிட்டுத்தான் வருவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"குழல்வாய்மொழி," என்றாள் சங்கரேஸ்வரி. சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் சொன்னாள். பதினோரு வருஷமாகப் பெயரில்லாமல் அவளுக்குள் கிடந்த பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு முகம் வந்தது. அப்படியே மாமியாரின் மடியில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள். வராந்தாவில் போன நர்ஸுகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கத்தாய் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

அழுகை ஒருவழியாக ஓய்ந்ததும் சங்கரேஸ்வரி மடியில் படுத்தபடியே முகத்தைத் திருப்பினாள்.

"கையி எப்பிடி இருந்துச்சு அத்தே? விரல்லாம்… இன்னும் சொல்லுங்க."

தங்கத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.